ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கடலோரப் பெண்களின் மனநலம்

2004 டிசம்பர் 26 ஞாயிறு காலை தாக்கிய ஆழிப்பேரலை (சுனாமி) தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 உயிர்களைப் பறித்தது. அவர்களில் 6,000-க்கும் மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர். இறந்தோரில் ஆண்களைவிடப் பெண்களே மிகுதி. ஆழ்கடலில் படகில் இருந்த ஆண்களுக்கு அலை பெரிதாகத் தெரியவில்லை. ஆனால், மீன் வாங்கக் கரையில் காத்திருந்த பெண்களையும் குடிசைகளில் இருந்தவர்களையும் அது வாரிச் சென்றது. நீச்சல் தெரியாதவர்கள், சேலை காலைச் சுற்ற, இடுப்பில் குழந்தையுடன் ஓட முடியாதவர்கள் பலர்.

உயிர் தப்பியவர்களைத் தூக்கமின்மை, கெட்ட கனவு, கடலிரைச்சல் கேட்டாலே படபடப்பு ஆகியவை வாட்டின. பிள்ளையின் கையை விட்டுவிட்டோமே என்ற குற்ற உணர்வு எல்லாவற்றிலும் கொடியது. மனத்துயரம் தலைவலியாகவும் நெஞ்சடைப்பாகவும் வெளிப்படுவதுண்டு என்பதால், அதை உடல்நோய் என்றே எண்ணியவர்களும் உண்டு.

குடும்பக் கட்டுப்பாடு அறுவை செய்துகொண்டபின் பிள்ளைகள் அனைவரையும் இழந்த தாய்மாரின் நிலை தனியானது. புத்திர சோகத்தோடு, இனி பிள்ளை இல்லை என்பதால் கணவன் வேறு திருமணம் செய்துகொள்வானோ என்ற அச்சமும் சேர்ந்தது. கருக்குழாயை மீண்டும் இணைக்கும் அறுவைக்குத் தமிழக அரசு உதவியது. சிலருக்குக் குழந்தை பிறந்தது. சிலருக்கு அறுவை பலிக்கவில்லை. பலிக்காதபோது ஏமாற்றம் இரட்டிப்பானது என்பதையும் மறக்கலாகாது.

பெங்களூரின் தேசிய மனநல, நரம்பியல் அறிவியல் நிறுவனம் (நிம்ஹான்ஸ்) உள்ளூர்ப் பணியாளர்களுக்குப் பயிற்சி அளித்தது. அவர்கள் வீடு வீடாகச் சென்று பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டனர். பெண்களைக் குழுவாகக் கூட்டி, அழவும் பேசவும் இடம் தந்தனர். தீவிரப் பாதிப்பு உள்ளவர்களை மருத்துவரிடம் அனுப்புவதும் இம்முறையின் ஒரு பகுதி. ஆயிரக்கணக்கானோர் துயருறும் இடத்தில் ஒருசில மனநல மருத்துவர்களால் மட்டும் என்ன செய்ய முடியும்?

ஆயினும் பேச்சு மட்டும் போதவில்லை. படகுக்கும் வலைக்கும் கிடைத்த கவனம், கூடை சுமந்து மீன் விற்ற பெண்ணின் முதலுக்குக் கிடைக்கவில்லை. தார் அட்டைக் கொட்டகைகளின் வெக்கையில், மறைவின்றி, கடனோடு வாழ்ந்தவர்களிடம் மனவுறுதியை எதிர்பார்ப்பது எளிது. அதற்கான வாய்ப்பைத் தருவதுதான் கடினம். வடசென்னைக் கரையிலிருந்து எர்ணாவூருக்குக் குடியமர்த்தப்பட்ட மீனவக் குடும்பங்கள் கடலையும் பிழைப்பையும் விட்டு விலகின. அங்கு கடன் தீர்க்கப் பெண்கள் பலர் சிறுநீரகத்தை விற்றது 2007-இல் வெளிச்சத்துக்கு வந்தது.