37 பல், 9 பல்

பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்றைச் சரிசெய்ய இறங்குகிறவர் டிஃபரன்ஷியல் தேடி பெங்களூர் ஜே.சி. ரோட்டுக்கோ சென்னை புதுப்பேட்டைக்கோ போக வேண்டியிருக்கும். கடைக்காரர் எடுத்துத் தரும் பெட்டி எந்தக் காருடையது? டீசல் நனைத்த துணியால் அதன் விளிம்பைத் துடைத்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

பெட்டியின் முன்பாதியும் பின்பாதியும் போல்ட்டில் சேரும் அந்த விளிம்பில் பஞ்ச் அடித்த எழுத்தும் எண்ணும் இருக்கும். 'ஜிஏ' என்றால் டிரையம்ஃப் ஹெரால்டு 1200. 'எஃப்சி' என்றால் ஸ்பிட்ஃபயர். 1962இல் வந்த ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார் ஹெரால்டின் பாகங்களைக் கொண்டே உருவானது. டிஃபரன்ஷியலும் அதே குடும்பம். அந்த ஹெரால்டைத்தான் 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் தயாரித்தது. ஆகவே ஹெரால்டைப் பிரித்துக் கோத்த நம் மெக்கானிக்குக்கு அந்த ஸ்போர்ட்ஸ் காரின் பின்பக்கம் புதிதல்ல.

வார்ப்பில் புடைத்து நிற்கும் எண்ணை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது வார்ப்பு அச்சின் எண். வெற்றுக் கூட்டை மட்டுமே குறிக்கும். பஞ்ச் எண்தான் உள்ளே கோத்த பல்சக்கரங்களோடு சேர்த்து அடித்தது. அதுவும் கோத்த நாளுக்கான சாட்சிதான். ஐம்பது வருடத்தில் எத்தனை கை பட்டிருக்குமோ! உள்ளே இருப்பதை மாற்றியவர்கள் வெளியே இருக்கும் எண்ணை மாற்றுவதில்லை.

அதனால் பற்களை எண்ணியே ஆக வேண்டும். கிரௌன் என்ற பெரிய பல்சக்கரத்தில் 37, அதைச் சுழற்றும் சிறிய பல்சக்கரமான பினியனில் 9 என்றால் விகிதம் 4.11, ஹெரால்டு 1200க்கும் தொடக்ககால ஸ்பிட்ஃபயருக்கும் உரியது. 39க்கு 8 என்றால் 4.875, பிரிட்டனின் 948 சிசி ஹெரால்டு சலூனில் இருந்தது. பின்னாளைய ஸ்பிட்ஃபயர் 1500இல் 29க்கு 8, அதாவது 3.63. 4.11ஐக் கழற்றிவிட்டு இதைப் போட்டால் அதே வேகத்தில் இன்ஜின் சுற்று சுமார் 12 சதவீதம் குறையும். மேட்டில் இழுவையும் அதற்கேற்பக் குறையும்.

இந்த ஜோடிகளை இன்னொரு முறை பாருங்கள். 37-9, 39-8, 29-8. எதிலும் இரு எண்களுக்கும் ஒன்றைத் தவிரப் பொதுவான வகுஎண் இல்லை. இது திட்டமிட்ட ஏற்பாடு. 36க்கு 9 என்று வைத்திருந்தால் பினியனின் ஒரு பல் கிரௌனின் அதே நான்கு பற்களையே காலமெல்லாம் இடித்துக்கொண்டிருக்கும். ஒன்றில் குறை இருந்தால் அந்த நான்கும் சேர்ந்து கெடும். 37க்கு 9 என்பதால் ஒரு பல் மீண்டும் அதே பல்லைச் சந்திக்க பினியன் 37 முறை சுற்ற வேண்டும். அதற்குள் ஒவ்வொரு பல்லும் எதிரிலுள்ள எல்லாப் பற்களோடும் உரசித் தேய்மானம் சமமாகப் பரவிவிடுகிறது. இந்தக் கணக்கின் அழகு என்னை இன்றும் விடவில்லை.

கிரௌனும் பினியனும் ஜோடியாகவே தேய்த்துப் பொருத்தப்படுபவை. இரண்டிலும் ஒரே ஜோடி எண் இருக்க வேண்டும். எண் மாறிய ஜோடி பெரும்பாலும் ஓடும்போது அலறும்.

பெட்டி காரில் இருக்கும்போதே சோதிக்கவும் வழி உண்டு. முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, ஹேண்ட்பிரேக்கை இறக்கிவிட்டு, பின்சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். மற்றது தரையில் நிற்பதால் தூக்கிய சக்கரம் இரண்டு சுற்று சுற்றினால்தான் கிரௌன் ஒரு சுற்று சுற்றும். எனவே சக்கரத்தை 18 சுற்று சுற்றுங்கள். கியர்பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியலுக்கு வரும் நடுத்தண்டில் போட்ட சாக்பீஸ் கோடு சரியாக 37 முறை வந்தால் 4.11. ஏறக்குறைய 44 வந்தால் 4.875.

ஒரே ஒரு எச்சரிக்கை. 1972இல் வந்த கேஸலும் அதே நிறுவனத்துக் கார்தான். ஆனால் அதில் ஹெரால்டின் தனித்தாடும் பின் அச்சுகளை விட்டுவிட்டு, முழு நீள ஒற்றை அச்சு போட்டார்கள். ‘ஸ்டாண்டர்டு’ என்ற பெயரை மட்டும் நம்பி அதன் டிஃபரன்ஷியலை வாங்கிவந்தால் ஹெரால்டில் பொருந்தாது.