பள்ளி அலமாரியில் ஓர் ஊசிப் பேனா: செலவு யார் தலையில்?

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் குடும்பங்கள் நம் ஊரில் இப்போது ஏராளம். அங்கே பள்ளியில் சேர்க்கும்போது நிரப்பித் தரும் படிவங்களில் ஒவ்வாமை பற்றி ஒரு பகுதி இருக்கும். எந்த உணவு ஒத்துக்கொள்ளாது, அவசர ஊசி வைத்திருக்கிறீர்களா, பள்ளியில் இருக்கும் ஊசியைப் போட உங்களுக்குச் சம்மதமா என்று கேட்பார்கள். "நம் பிள்ளைக்கு எதற்கு ஊசி?" என்று அந்தப் பகுதியை வெறுமனே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அந்த ஊசி என்ன, அதைப் பள்ளியில் வைக்க ஆகும் செலவை யார் தாங்குகிறார்கள், அந்தச் செலவு ஏன் பெரிய வழக்காக ஆனது என்பதைத் தெரிந்துகொண்டால் அந்தப் படிவத்தை நிரப்புவதில் கவனம் வரும்.

வேர்க்கடலை, முந்திரி, பால், முட்டை, எள், இறால், தேனீக் கொட்டு, சில மருந்துகள் என எதனாலும் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வரலாம். தோலில் தடிப்பு, அரிப்பு என்ற அளவில் நின்றால் ஆபத்தில்லை. தொண்டை வீங்கி, மூச்சு இழுத்து, இரத்த அழுத்தம் விழுந்து, பிள்ளை துவண்டு போனால் அதற்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் அனாஃபிலாக்சிஸ். சில நிமிடங்களில் உயிரைப் பறிக்கக்கூடியது. அதற்கான முதல் மருந்து அட்ரினலின் ஒன்றுதான். தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட வேண்டும். வீட்டில் இருக்கும் செட்ரிசின் மாத்திரை அரிப்பைத் தணிக்கும். அடைபடும் தொண்டையைத் திறக்க அதனால் முடியாது. இதை அடிக்கோடிட்டுப் படியுங்கள், ஏனென்றால் மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருப்பதில்தான் நேரம் போய்விடுகிறது.

மருத்துவர் அல்லாதவரும் போடும்படி, அளவு குறிக்கப்பட்ட மருந்தை விசையோடு அடைத்த குழல்தான் ஊசிப் பேனா. மூடியைக் கழற்றித் தொடையில் அழுத்தினால் ஊசி தானே இறங்கும். உடைக்குமேல்கூடப் போடலாம். நம்மவர்கள் கேட்கும் ஒரு கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுவது நல்லது. எபிபென் என்ற பேனாவில் இருப்பது செயற்கையாகத் தயாரித்த அட்ரினலினும், உப்பும், மருந்து கெடாமல் காக்கும் சில இரசாயனங்களும். விலங்குக் கொழுப்பும் இல்லை, மதுவும் இல்லை.

இனி பள்ளிக்கு வருவோம். ஒவ்வாமை உள்ள பிள்ளையின் பெற்றோர் தங்கள் செலவில் ஒரு பேனா வாங்கிப் பள்ளியில் கொடுத்துவைப்பதுதான் பழைய ஏற்பாடு. இதில் இரண்டு ஓட்டைகள். வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைக்குப் பேனா இராது. தனக்கு ஒவ்வாமை இருப்பதே தெரியாத பிள்ளைக்கும் இராது. இரண்டாவது ஓட்டை சிறியது என்று நினைக்க வேண்டாம். மாசசூசெட்ஸ் மாநிலப் பள்ளிகளை ஆராய்ந்து 2005இல் வெளியான ஆய்வில், பள்ளியில் இந்த ஊசி போடப்பட்டவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு உயிராபத்தான ஒவ்வாமை இருப்பது பள்ளிக்கு அதற்குமுன் தெரியாது. சிகாகோ நகரப் பள்ளி நிர்வாகம் 2012-13 கல்வியாண்டில் தன் பள்ளிகளில் பொதுப் பேனாக்களை வைத்தது. அந்த ஓராண்டில் 38 பேருக்கு அவை பயன்பட்டன. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அதுவே வாழ்நாளின் முதல் கடும் ஒவ்வாமை.

ஆக, யார் பெயரும் எழுதாத, யாருக்கும் போடக்கூடிய பேனா பள்ளியில் இருக்க வேண்டும் என்பதில் பெரிய தகராறு இல்லை. 2013 நவம்பரில் அதிபர் ஒபாமா ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். பள்ளிகள் இந்த மருந்தை வைத்திருக்க வேண்டும் என்று விதிக்கும் மாநிலங்களுக்கு, ஆஸ்துமா சிகிச்சைக்கான மத்திய அரசு மானியத்தில் முன்னுரிமை என்றது அது. நல்ல எண்ணத்தோடு ஊசி போடும் ஊழியர் மேல் வழக்கு வராதபடி மாநிலச் சட்டம் காக்க வேண்டும் என்றும் கேட்டது. சில ஆண்டுகளில் ஏறத்தாழ எல்லா மாநிலங்களும் அனுமதிச் சட்டம் இயற்றின. சில மாநிலங்கள் கட்டாயமே ஆக்கின. ஆனால் பேனா வாங்க அந்த மத்தியச் சட்டம் தனியாகப் பணம் ஒதுக்கவில்லை.

எபிபென்னை விற்கும் உரிமை 2007இல் மைலன் என்ற நிறுவனத்தின் கைக்கு வந்தது. அப்போது இரண்டு பேனா சுமார் 100 டாலர். 2011இல் ஒற்றைப் பேனா விற்பதை நிறுத்தி, இரண்டாகத்தான் வாங்க வேண்டும் என்றாக்கினார்கள். இரண்டாவது ஊசி தேவைப்படலாம் என்பது மருத்துவ ரீதியாகச் சரியான காரணம்தான். வியாபாரத்துக்கும் அது வசதியாக அமைந்தது. 2015 அக்டோபரில் போட்டியில் இருந்த ஆவி-க்யூ என்ற கருவி குறைபாட்டால் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. 2016இல் இரண்டு எபிபென்னின் விலை 608 டாலர். உள்ளே இருக்கும் மருந்தோ காப்புரிமை இல்லாத, நூறாண்டுக்கும் மேல் பழக்கமான பொருள். அதன் மதிப்பு ஒரு டாலர் அளவே இருக்கும் என்று அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின.

இந்த விலையைப் பள்ளிக் கணக்கில் போட்டுப் பாருங்கள். சிறு பிள்ளைகளுக்கு 0.15 மில்லிகிராம் பேனா ஒரு பெட்டி, பெரிய பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் 0.3 மில்லிகிராம் ஒரு பெட்டி. இது குறைந்தபட்சம். 2016 விலையில் 1,216 டாலர். 100 பள்ளிகளை நடத்தும் நிர்வாகத்துக்கு 1,21,600 டாலர். பேனாவின் ஆயுள் சுமார் 18 மாதம். பிறகு பயன்படுத்தாத பேனாவையும் எறிந்துவிட்டுப் புதிதாக வாங்க வேண்டும். பத்து ஆண்டுகளில் 8 லட்சம் டாலரைத் தாண்டுகிறது. பெரும்பாலான பேனாக்கள் யார் தொடையிலும் படாமலே குப்பைக்குப் போகும். தீயணைப்புக் கருவி மாதிரிதான். பயன்படாமல் போனதை வீண் என்று எழுதக் கூடாது. ஆனாலும் பணம் ஒவ்வொரு முறையும் வெளியே போகிறது.

2012இல் மைலன் பள்ளிகளுக்கென ஒரு திட்டம் தொடங்கியது. பள்ளிக்கு நான்கு பேனா இலவசம். கூடுதலாக வேண்டுமென்றால் தள்ளுபடி விலை. பல பள்ளிகள் இதனால் பலன் பெற்றன, அதை மறுக்க முடியாது. ஆனால் தள்ளுபடியில் வாங்கும் பள்ளி, ஓராண்டுக்குப் போட்டி நிறுவனத்தின் பேனாவை வாங்குவதில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை ஒரு காலத்தில் இருந்தது. 2016இல் நியூயார்க் மாநில அரசு வழக்கறிஞர் இதை விசாரிக்கத் தொடங்கினார். இலவசமாக வரும் பொருளில் கவனிக்க வேண்டியது இதைத்தான். முதல் பெட்டிக்குக் காசு இல்லை. 18 மாதம் கழித்து வாங்கும் பெட்டியின் விலையை யார் தீர்மானிப்பார் என்பது முதல் பெட்டியோடு வரும் தாளில் இருக்கும்.

அதே ஆண்டு செப்டம்பரில் அந்நிறுவனத்தின் தலைமை அதிகாரி ஹெதர் ப்ரெஷ் நாடாளுமன்றக் குழு முன் பதில் சொல்ல நேர்ந்தது. மக்கள் பணம் இன்னொரு வழியிலும் கசிந்தது அப்போது வெளியே வந்தது. ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் காப்பீட்டுத் திட்டத்துக்கு மருந்து நிறுவனங்கள் விலையில் ஒரு பங்கைத் திருப்பித் தர வேண்டும். பிராண்டு மருந்துக்கு அது குறைந்தது 23.1 சதவீதம், ஜெனரிக் மருந்துக்கு 13 சதவீதம். எபிபென் ஜெனரிக் என்ற கணக்கிலேயே வைக்கப்பட்டிருந்தது. இது குறித்த வழக்கை 2017இல் 46.5 கோடி டாலர் கொடுத்து மைலன் முடித்துக்கொண்டது. தவறை ஒப்புக்கொள்ளாமல் செய்த சமரசம் அது.

விலை குறைய முடியும் என்பதும் அந்த நாட்களிலேயே தெரிந்தது. கூச்சல் எழுந்த பிறகு மைலனே பாதி விலையில், 300 டாலருக்கு, ஜெனரிக் பெட்டி கொண்டுவந்தது. 2017 ஜனவரியில் சிவிஎஸ் மருந்துக்கடைகள் வேறொரு நிறுவனத்தின் இரட்டைப் பேனாவை 109.99 டாலருக்கு விற்றன. மேலே போட்ட 100 பள்ளிக் கணக்கை அந்த விலையில் போட்டால் 22,000 டாலர்தான். பள்ளிகள் தனித்தனியே வாங்காமல், மாநிலமே மொத்தமாகப் பேசி வாங்கினால் இன்னும் குறைய வாய்ப்புண்டு. பொதுப் பேனாவே வேண்டாம், செலவு அதிகம் என்பாருக்கும் பதில் உண்டு. ஒவ்வாமை உள்ள ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று என வாங்குவதைவிடப் பள்ளியில் பொதுவாக வைப்பதே சமூகத்துக்குச் சிக்கனம் என்று 2019இல் ஒரு குழந்தை மருத்துவ ஆய்விதழில் வெளிவந்த கணக்கீடு சொன்னது. பணத்தைக் குடும்பத்தின் பையிலிருந்து எடுத்தாலும் அரசின் பையிலிருந்து எடுத்தாலும் மொத்தம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும் அல்லவா?

பேனாவின் விலையோடு செலவு நிற்பதில்லை. முழுநேரச் செவிலியர் இல்லாத பள்ளிகளில் ஆசிரியருக்கும் அலுவலக ஊழியருக்கும் பயிற்சி தர வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். காலாவதித் தேதியைப் பார்த்துக் குறித்துவைக்க ஒருவர் வேண்டும். பேனாவை அறை வெப்பத்தில் வைக்க வேண்டும், வெயிலிலும் குளிர்பெட்டியிலும் வைக்கக் கூடாது. தலைமையாசிரியர் அறையில் பூட்டிச் சாவியை அவர் எடுத்துப் போய்விட்டால் அந்தப் பேனா இருந்தும் இல்லாததுதான். 2018இல் அமெரிக்காவில் தட்டுப்பாடு வந்து, சில தொகுதிப் பேனாக்களின் காலாவதியை நான்கு மாதம் தள்ளிவைக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே அனுமதிக்க வேண்டியதாயிற்று. 2024 ஆகஸ்டில் மூக்கில் தெளிக்கும் அட்ரினலினுக்கும் அங்கே அனுமதி கிடைத்தது. ஊசிக்குப் பயப்படும் ஊழியருக்கு அது எளிது.

இங்கிலாந்தின் வழி வேறு. 2017 அக்டோபர் 1 முதல் அங்கே பள்ளிகள் மருத்துவர் சீட்டு இல்லாமலே மொத்த வியாபாரிகளிடம் பேனா வாங்கலாம். அந்தச் சட்டம் வாங்கலாம் என்றது, வாங்கியே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. பணம் பள்ளியின் சொந்த நிதியிலிருந்து. வசதியுள்ள பள்ளியில் பேனா இருக்கும், இழுபறியில் ஓடும் பள்ளியில் இராது என்ற நிலைக்கு அது இடம் வைத்தது. இன்னொன்று நம் பெற்றோருக்கு முக்கியம். ஒவ்வாமை ஆபத்து உண்டு என மருத்துவர் உறுதிசெய்து, பெற்றோரும் எழுத்தில் சம்மதித்த பிள்ளைக்குத்தான் அந்த உபரிப் பேனா என்றது அங்கே 2017இல் வந்த வழிகாட்டுதல். பட்டியலில் இல்லாத பிள்ளை துவண்டால் 999ஐ அழைத்து அவர்கள் சொல்கிறபடிதான் நடக்க வேண்டும் என்றும் அது சொன்னது. அங்கே உங்கள் பேரப்பிள்ளைக்கு முந்திரியோ எள்ளோ ஆகாது என்றால், படிவத்தை நிரப்பச் சொல்லுங்கள். பேனா இருந்தும் கையெழுத்து இல்லாததால் தயங்கும் நிலை வரக் கூடாது.

நம் பக்கத்து மருந்துக்கடைகளில் ஊசிப் பேனா எளிதில் கிடைப்பதில்லை. ஆனால் அட்ரினலின் ஆம்பியூல் இந்திய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளது. விலையும் சில பத்து ரூபாய்தான். அதை உடைத்து, பிள்ளையின் எடைக்கு அளந்து ஏற்றத் தெரிந்த கை வேண்டும். அதனால் ஆசிரியரிடம் கொடுத்துவைக்க முடியாது. செவிலியரோ மருத்துவரோ இருக்கும் பள்ளியில் வைக்கலாம். மற்ற இடங்களில் மிக அருகில் அது இருக்கும் மருத்துவமனை எது என்று முன்பே தெரிந்துவைத்திருப்பதுதான் செய்யக்கூடியது.

பள்ளியோ மதரஸாவோ, பிள்ளைக்கு ஒவ்வாமை உண்டென்றால் உஸ்தாதிடமும் ஆசிரியையிடமும் எழுதிக் கொடுங்கள். பெருநாள் விருந்திலும் இஃப்தாரிலும் வட்டலாப்பத்தில் முட்டையும் முந்திரியும் உண்டு என்பதைப் பரிமாறுகிறவருக்குச் சொல்லுங்கள். மூச்சுத் திணறினால் 108ஐ உடனே அழையுங்கள். பிள்ளையை நடக்க வைக்காதீர்கள், எழுந்து நிற்கவும் விடாதீர்கள். படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சு வாங்கினால் சாய்த்து உட்காரவையுங்கள். ஊசி போட்டுப் பிள்ளை தேறிவிட்டாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். சிலருக்குச் சில மணி நேரம் கழித்து அதே தாக்குதல் திரும்பி வரும்.