உறங்காக் காவலன்

மனிதன் வீடு கட்டி வாழத் தொடங்கிய நாள்தொட்டே கதவும் தாழும் அவனது வாழ்வில் இடம்பெற்றன. பகலெல்லாம் உழைத்து ஈட்டிய பொருளையும், உயிரினும் இனிய மக்களையும் ஒரு கூரையின்கீழ் வைத்து, இரவில் அச்சமின்றிக் கண்ணுறங்குவதற்குக் கதவே அவனுக்குத் துணையாயிற்று. ஆயினும், கதவு எத்துணை வலியதாயினும் அதனைத் தகர்க்கும் கருவியும் கள்வர் கையில் இருந்தே வந்துள்ளது. சுவரைத் துளைத்து உட்புகுவோர் ஏந்திய கருவிக்குக் 'கன்னக்கோல்' எனத் தமிழில் தனிப்பெயரே வழங்குவது இதற்குச் சான்றாகும்.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மதுரைக்காஞ்சியில், மாங்குடி மருதனார் மதுரை மாநகரின் நள்ளிரவை அழகுறக் காட்டுகின்றார். நூலேணியை இடையிற் சுற்றிக்கொண்டு, நிலத்தை அகழும் உளியோடு இருளிற் பதுங்கித் திரியும் கள்வரை அங்குக் காண்கின்றோம். அவர்களைத் தேடி, மழை பொழிந்து நீர் பெருகி ஓடும் இரவிலும் சோர்வின்றி எழுந்து தெருக்களில் உலவும் ஊர்க்காவலரையும் காண்கின்றோம். கள்வன் விழித்திருக்கும் வேளையில் காவலனும் விழித்திருத்தல் வேண்டும் என்பதனை அந்நகரத்தார் நன்கு அறிந்திருந்தனர்.

எனினும், காவலன் ஒருவன் ஒரே வேளையில் ஓரிடத்தில்தான் நிற்க இயலும். அவன் கீழைத் தெருவில் நடக்கும்பொழுது மேலைத் தெருவின் கதவுகள் காவலின்றிக் கிடக்கும். வீட்டிற் பூட்டு இருக்கின்றதே எனின், பூட்டு வலியதேயன்றி வாய் பேசுவதன்று. கள்வன் தன்னை உடைக்கும்பொழுதும் அது வாளாவிருக்கும். காலையில் வீட்டார் எழுந்து பார்க்கும்பொழுதுதான் நடந்தது தெரியவரும். ஆதலின், தாக்கப்படும் அந்நொடியிலேயே கதவு தானே கூவி அழைக்குமாறு செய்தல் இயலுமா என அறிஞர் எண்ணலாயினர். அவ்வெண்ணத்திற்கு மின்சாரம் கைகொடுத்தது.

அமெரிக்க நாட்டில், மாசாச்சூசெட்சு மாநிலத்துச் சாமர்வில் என்னும் ஊரில், அகஸ்டஸ் ரசல் போப் என்பவர் வாழ்ந்தார். அவர் ஒரு சமயகுரு. மின்காந்தத்தால் இயங்கும் எச்சரிக்கை மணியொன்றை அமைத்து, 1853ஆம் ஆண்டு சூன் 21ஆம் நாள் அதற்கு அவர் காப்புரிமை பெற்றார். கதவிலும் பலகணியிலும் மின்கம்பியின் முனைகள் பொருத்தப்பெற்றிருக்கும். கதவு மூடியிருக்கும்பொழுது அம்முனைகள் பிரிந்து நிற்கும், மின்சாரம் ஓடாது. கதவு திறக்கப்படின் முனைகள் ஒன்றையொன்று தொடும், மின்சாரம் பாயும், மின்காந்தம் சிறு சுத்தியலை இழுத்து மணியை அடிக்கச் செய்யும். போப்பின் உரிமையை 1857ஆம் ஆண்டு எட்வின் ஹோம்ஸ் என்னும் வணிகர் விலைக்குப் பெற்று, பாஸ்டன், நியூயார்க் ஆகிய நகரங்களில் இம்மணியைப் பரப்பினார்.

கதவு வாய் பேசத் தொடங்கியது உண்மையே. ஆயின், அதன் வாயை அடைப்பதும் எளிதாகவே இருந்தது. மின்சாரம் பாய்ந்தால்தான் மணி ஒலிக்கும் என்னும் அமைப்பில், கம்பியை அறுத்துவிட்டால் மின்சாரம் எங்ஙனம் பாயும்? கத்தரிக்கோல் ஒன்று உடைய கள்வன் காவலனை ஊமையாக்கிவிடலாம் அன்றோ? இக்குறையை நீக்க, முறையைத் தலைகீழாக மாற்றினர். மின்சாரம் எந்நேரமும் கம்பியில் மெல்லென ஓடிக்கொண்டே இருக்கும். அவ்வோட்டம் நின்றால் மணி ஒலிக்கும். இதனை மூடிய சுற்று என்பர். இதில் கதவு திறந்தாலும் ஓட்டம் நிற்கும். கம்பி அறுந்தாலும் ஓட்டம் நிற்கும். காவலனைக் கொல்ல முயல்வதே காவலனின் கூக்குரலாக மாறிவிட்டது. நல்ல காவலின் முதல் இலக்கணம் இதுவேயாகும்.

இருபதாம் நூற்றாண்டில், கதவு திறப்பதை அறிய மற்றொரு கருவி தோன்றியது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வால்ட்டர் எல்வுட் என்பவர் 1936ஆம் ஆண்டு அதனை உருவாக்கினார். சிறு கண்ணாடிக் குழலுள் இரண்டு மெல்லிய இரும்புத் தகடுகள் அடைக்கப்பெற்றிருக்கும். அருகே காந்தம் இருக்கும்வரை அவை ஒன்றையொன்று தொட்டு நிற்கும். காந்தம் விலகின் பிரியும். குழலை நிலையிலும் காந்தத்தைக் கதவிலும் பொருத்திவிட்டால், கதவு திறந்தவுடன் மின்னோட்டம் அறுபடும். இன்றும் இது பல இடங்களில் நற்பணி ஆற்றுகின்றது.

ஆயினும், இக்கருவிக்கும் ஓர் எல்லை உண்டு. கதவு திறந்த பின்னரே இது பேசும். கதவு திறந்ததெனின், கள்வன் ஏற்கெனவே வாயிலைக் கடந்துவிட்டான் என்பதே பொருள். அன்றியும், அவன் பலகணியைத் திறவாமலே கண்ணாடியை மட்டும் உடைத்து உட்புகுவானாயின், காந்தம் இருந்த இடத்திலேயே இருக்கும். காவலன் வாய் திறவான். வந்தபின் அழைப்பதினும் வருமுன் அழைப்பதே சிறந்தது. உள்ளே மக்கள் உறங்கும் வீட்டில், கதவு உடைவதற்கு முன்னர்க் கிடைக்கும் அரை நிமிடமும் பெருஞ்செல்வமாகும். விளக்கை ஏற்றவும், குழந்தைகளை அழைத்துக்கொண்டு உள்ளறைக்குச் செல்லவும், துணைக்கு ஆள் அழைக்கவும் அவ்வரை நிமிடம் போதும். அதனை ஈட்டித் தருவதற்கென்றே அமைந்ததுதான் அதிர்வுணரி. 'ஷாக் சென்சார்' என வணிகர் வழங்குவது இதனையே.

அதிர்வுணரியின் அடிப்படை எளியது. மேசையின் ஒரு முனையிற் காதை வைத்து, மறுமுனையை விரலால் மெல்லத் தட்டினால், ஒலி தெளிவாகக் கேட்கும். தட்டிய இடத்தில் எழுந்த அதிர்வு மரத்தின் வழியே பரவி வருவதே அதற்குக் காரணம். கதவை நெம்பினாலும், சட்டத்தை உளியாற் பெயர்த்தாலும், கண்ணாடியை உடைத்தாலும் அதிர்வு எழாமல் இராது. ஓசைபடாமல் வேலை செய்யும் கள்வனும் அதிர்வுபடாமல் வேலை செய்தல் அரிது. நிலையிற் பொருத்திய சிறு பெட்டியொன்று, வைத்த காது போல அவ்வதிர்வைக் கேட்டுக்கொண்டே இருக்கின்றது.

அதிர்வுணரிகள் இருவகைப்படும். முதல்வகையில், இரண்டு உலோக முனைகளின்மேல் சிறு குண்டு ஒன்று அமர்ந்திருக்கும். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மின்சாரம் அக்குண்டின் வழியே செல்லும். நிலை அதிர்ந்தால் குண்டு நொடியினும் சிறிய பொழுது துள்ளி எழும். அப்பொழுது மின்னோட்டம் அறுபட்டு மீண்டும் கூடும். குண்டின்மேல் பொன்முலாம் பூசுவதுண்டு. பொன் துருப்பிடிக்காத உலோகமாதலின், பல ஆண்டுகள் கழிந்தாலும் தொடுமுனை கெடாதிருக்கும்.

இரண்டாம் வகை ஓர் அரிய இயற்கை உண்மையை அடிப்படையாகக் கொண்டது. 1880ஆம் ஆண்டு, பிரெஞ்சு நாட்டுச் சகோதரர்களான சாக் கியூரி, பியேர் கியூரி ஆகிய இருவரும், சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்னழுத்தம் தோன்றுவதைக் கண்டறிந்தனர். எரிவாயு அடுப்பைப் பற்றவைக்கும் லைட்டரை அழுத்தியவுடன் பொறி எழுவதும் இவ்வுண்மையாலேயே. அதிர்வுணரியுள் இத்தன்மை வாய்ந்த சிறு வில்லை ஒன்று உண்டு. நிலை அதிரும்பொழுது வில்லை நெளிகின்றது. அதிற் சிறு மின்னழுத்தம் எழுகின்றது. அதனை ஒரு மின்சுற்று பெருக்கி, குறித்த அளவோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றது. அளவு மிகின் எச்சரிக்கை செல்லும்.

இக்கருவிகளுள் கம்பி இணைப்பு உடையனவும் உண்டு. கம்பியின்றி வானொலி அலையால் பேசுவனவும் உண்டு. கம்பி இணைப்புடைய உணரிக்குத் தனி மின்கலம் வேண்டுவதில்லை. அது வேண்டும் மின்சாரத்தை, பெரும்பாலும் 12 வோல்ட்டு அளவில், வீட்டின் நடுவே உள்ள கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்தே கம்பி வழியாகப் பெறுகின்றது. ஊரில் மின்சாரம் நின்றாலும், பெட்டியுள் உள்ள சேமக்கலம் காவலைத் தொடர்ந்து நடத்தும். சுவருள் கம்பி பதிப்பது சிறிது உழைப்பை வேண்டுவதே. ஆயினும், மாதந்தோறும் மின்கலத்தை எண்ணிக் கவலுதல் இல்லை.

கம்பியை அறுத்தால் பெட்டி அறியும் என முன்னர்க் கண்டோம். அறுக்காமல், இரு கம்பிகளையும் ஒன்றாக முறுக்கி இணைத்துவிட்டால் என் செய்வது? மின்சாரம் இடைவிடாது ஓடுவதாகத் தோன்றுமே! இதற்கும் மருந்து உண்டு. கம்பியின் கடைசி முனையில், உணரியின் உள்ளேயே, அளவறிந்த மின்தடை ஒன்றை வைப்பர். பெட்டி அத்தடையின் அளவை எப்பொழுதும் நோக்கிக்கொண்டிருக்கும். கம்பி அறுந்தால் தடை அளவின்றி மிகும். கம்பிகள் முறுக்கப்பட்டால் தடை இல்லாமற்போகும். இரண்டையும் பெட்டி வேறுபடுத்தி உணரும். உணரியின் மூடியைத் திறந்தாலும் செய்தி செல்லுமாறு தனிச்சுற்று ஒன்றும் அமைப்பர்.

இத்துணைச் சிறப்பு இருந்தும், அதிர்வுணரிக்குப் பகையாவது ஒன்று உண்டு. அது கள்வன் அன்று, பொய்க்கூச்சலே. தெருவில் சுமையுந்து செல்லும், இடி இடிக்கும், காற்றிற் கதவு படபடக்கும், சிறுவர் எறிந்த பந்து பலகணியிற் படும். இவை ஒவ்வொன்றுக்கும் மணி ஒலிக்குமாயின் நேர்வது யாது? 'புலி வருகிறது, புலி வருகிறது' என விளையாட்டாகக் கூவிய சிறுவன் கதையை அறியாதார் யார்? முதல் நாள் ஊரார் ஓடி வந்தனர், மறுநாளும் வந்தனர், புலி உண்மையாகவே வந்த நாளில் ஒருவரும் வரவில்லை. ஓயாது பொய் கூறும் காவலன், உறங்கும் காவலனினும் தீயவன். உறங்குபவனை எழுப்பிவிடலாம், இழந்த நம்பிக்கையை எழுப்புதல் அரிது.

ஆகவே, கேட்டலேயன்றிப் பகுத்தறிதலும் உணரிக்கு வேண்டும். அதன்பொருட்டு இரண்டு அளவுகள் வகுக்கப்படுகின்றன. ஒரே அடியாயினும் அது மிக வலியதாயின் உடனே எச்சரித்தல் ஒன்று. சிற்றதிர்வாயின் உடனே கூவாது எண்ணிக்கொண்டிருந்து, குறித்த நேரத்துள் அது பலமுறை தொடர்ந்தால் மட்டும் எச்சரித்தல் மற்றொன்று. பந்து ஒருமுறை படும். உளியோ மீண்டும் மீண்டும் படும். இவ்வேறுபாட்டை அறிவதிலேயே கருவியின் நுண்மை விளங்குகின்றது.

கருவி சிறந்ததாயினும், பொருத்துவோன் கவனம் இன்றேல் பயன் தாராது. ஆடிக்கொண்டிருக்கும் பலகணியை முதலில் இறுகச் செய்தல் வேண்டும். பின்னர், கள்வன் நெம்பக்கூடிய பூட்டின் பக்கத்தே, உறுதியான சட்டத்தில் உணரியைத் திருகாணியால் இறுக்குதல் வேண்டும். உதிரும் காரையின்மேல் வைத்தால் அதிர்வு வந்து சேராது. இரு சட்டங்களுக்கு இடையே இடைவெளி இருப்பின் அதிர்வு அதனைக் கடத்தல் அரிதாதலின், ஒவ்வொன்றிற்கும் தனி உணரி வேண்டும். இறுதியாக, திருப்புளியின் கைப்பிடியாற் சட்டத்தைப் பல இடங்களில் தட்டிப் பார்த்து, உணர்ச்சியின் அளவைக் கூட்டியும் குறைத்தும் சரிசெய்தல் வேண்டும். ஆண்டுதோறும் இச்சோதனையைத் திரும்பச் செய்வது நலம்.

அதிர்வுணரி கள்வனைப் பிடிப்பதில்லை. கதவுக்கு வலிமை கூட்டுவதும் இல்லை. அது செய்வது ஒன்றே: உரிய வேளையில் உண்மையைக் கூறி அழைத்தல். அவ்வழைப்பைக் கேட்டு எழ வீட்டார் வேண்டும். அண்டை வீட்டிற் கூக்குரல் கேட்டால் ஓடிவரும் அயலார் வேண்டும். மதுரைத் தெருக்களில் மழையிலும் நடந்த ஊர்க்காவலரின் கடமையில் ஒரு பகுதியை இன்று கம்பியும் படிகமும் ஏற்றுள்ளன. எஞ்சிய பகுதி என்றும் மனிதருக்கே உரியது.