ஆப்புக்குள்ள ஓடுறது எந்த பிரவுசர்?

சம்பள நாள் காலையில நண்பன் போன் பண்ணினான். அவன் பார்த்துக்கிற பழைய டாட்நெட் ஆப்புல சம்பளச் சீட்டு காட்டுற பக்கம் வெள்ளையா நிக்குது, ‘ஜேசன் இஸ் அன்டிஃபைன்ட்’னு ஒரு ஸ்கிரிப்ட் எரர். ஆப்பை யாரும் தொடலை. சர்வர்ல இருக்கிற பக்கத்தைத்தான் புதுசா மாத்தியிருக்காங்க. அதே மெஷின்ல இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11ல திறந்தா நல்லா வருது.

குழப்பமே இங்கதான். வெப்பிரவுசர் கன்ட்ரோல் உள்ள வெச்சிருக்கிறது அதே எக்ஸ்புளோரரோட எஞ்சின். ஆனா நாம எதுவும் சொல்லலைன்னா, அது 2006ல வந்த 7 மாதிரியே நடந்துக்கும். பழைய ஆப்புகள் உடைஞ்சிடக் கூடாதுன்னு மைக்ரோசாஃப்ட் வெச்ச ஏற்பாடு. ஜேசன் 8லதான் வந்தது, ஆட்ஈவன்ட்லிசனர் 9ல. அப்புறம் எப்படி ஓடும்?

அதனால ஸ்கிரிப்ட்டைத் திருத்த உட்காராதீங்க. முதல்ல பக்கத்துல ‘டாக்குமென்ட்.டாக்குமென்ட்மோட்’ மதிப்பை ஒரு அலர்ட்ல காட்டச் சொல்லுங்க. 7னு வந்தா நோய் தெரிஞ்சுபோச்சு.

பக்கம் உங்க கையில இருந்தா, ஹெட் பகுதியோட ஆரம்பத்துலயே ‘எக்ஸ்-யூஏ-கம்பேட்டிபிள்’ மெட்டா டேக்ல ‘ஐஇ=எட்ஜ்’னு போட்டா போதும். இல்லைன்னா ரெஜிஸ்ட்ரிதான். கரன்ட் யூசர் பகுதியில, இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்குக் கீழ இருக்கிற ‘ஃபீச்சர்_பிரவுசர்_எமுலேஷன்’ கீயில, உங்க இஎக்ஸ்இ பேர்ல ஒரு டிவேர்ட் உருவாக்கி 11001 கொடுங்க. 11000 கொடுத்தா பக்கத்தோட டாக்டைப்பைப் பார்த்து முடிவு பண்ணும். 11001 அதைக் கண்டுக்காது.

போட்டும் மாறலையா? ரெஜிஸ்ட்ரி எடிட்டர் நீங்க அடிக்கிற எண்ணை ஹெக்ஸாதான் எடுத்துக்கும். டெசிமலுக்கு மாத்திட்டு அடிங்க. பழைய விஷுவல் ஸ்டுடியோவுல டீபக் பண்ணினா இஎக்ஸ்இ பேரே ‘விஎஸ்ஹோஸ்ட்’னு முடியும், அந்தப் பேருக்கும் தனியா ஒரு பதிவு வேணும். ஆப்பை மூடித் திறக்க மறக்காதீங்க.

இதெல்லாம் பண்ணினாலும் 11 வரைக்கும்தான் போக முடியும். பிராமிஸ், ஃபெட்ச், ஆரோ ஃபங்ஷன் எதுவும் அங்க கிடையாது. 2022 ஜூன் 15ல விண்டோஸ் 10ல பெரும்பாலும் அதுக்கு ஆதரவும் முடிஞ்சது. என்னைக் கேட்டா, ரெஜிஸ்ட்ரி வைத்தியம் அன்னைக்குச் சம்பளச் சீட்டு அடிக்கத்தான். அடுத்த வாரமே குரோமியம் எஞ்சின் இருக்கிற வெப்வியூ2வுக்கு மாறுற வேலையை ஆரம்பிக்கணும்.

அங்க ஒண்ணு கவனிங்க. பழைய ‘இன்வோக்ஸ்கிரிப்ட்’ பதிலைக் கையோட கொடுத்திடும். புது ‘எக்ஸிக்யூட்ஸ்கிரிப்ட்அசிங்க்’குக்கு அவெய்ட் போட்டுக் காத்திருக்கணும். அவசரப்பட்டு யூஐ த்ரெட்ல ‘.ரிசல்ட்’னு கேட்டா ஆப் அப்படியே உறைஞ்சிடும். பதிலும் ஜேசன் வடிவத்துல வரும், அதனால ஊழியர் பேரைக் கேட்டா ரெண்டு பக்கமும் மேற்கோள் குறியோடவே வரும். அதைப் பிரிச்சு எடுக்காம சீட்டுல அடிச்சிடாதீங்க.