வாவியின் இசை கேட்ட துரை

மட்டக்களப்பை ‘மீன் பாடும் தேன் நாடு’ எனப் பெருமையுடன் அழைக்கின்றோம். அந்தப் பாட்டை நேரிற் கேட்டு உலகறிய எழுதிவைத்தவர்களுள் பிரித்தானிய அரசியல்வாதி ஒருவரும் உளர். அவரே சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட்.

1804 இல் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் வணிகர் ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். இளமையில் கிரேக்கரின் விடுதலைப் போரை ஆதரித்து அந்நாட்டிற்கே சென்றார். 1831 இல் செல்வக் குடும்பமொன்றிற் பெண்ணெடுத்து, அக்குடும்பத்தின் டெனன்ட் என்னும் பெயரையும் தமதாக்கிக்கொண்டார். மறு ஆண்டு பாராளுமன்றம் புகுந்தார். 1845 இல் குடியேற்றநாட்டுச் செயலாளராக இலங்கைக்கு வந்தார்.

1848 இல் டொரிங்டன் தேசாதிபதியாக இருந்தபோது, துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்குங்கூட வரி விதிக்கப்பட்டது. அவ்வரிகளுக்கு வழிகோலியவர்களுள் டெனன்டும் ஒருவர். யூலையில் மாத்தளையில் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். இராணுவச் சட்டம் பிறந்தது. ஓகஸ்ட் 8 ஆம் நாள் புரன் அப்பு சுட்டுக்கொல்லப்பட்டார்.

அடுத்த மாதமே டெனன்ட் மட்டக்களப்பில் இருந்தார்! நீருக்கடியில் இசை எழுகின்றதென்று கேள்வியுற்று, மீனவரை அழைத்து விசாரித்தார். அவர்கள் சொல்லை எள்ளி நகையாடாமல், நிலவெழுந்ததும் அவர்களுடனேயே தோணியேறினார். கோட்டை வாயிலின் துறையிலிருந்து சிறிது தூரம் சென்றதும் ஒலி கேட்டது. ஈரவிரலாற் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது எழுவது போன்ற மெல்லொலிகள் பல அவை. தோணியின் மரத்திற் காதை வைத்தபோது ஒலி மிகுந்தது. நம்மவர் துடுப்பின் ஒரு முனையை நீரிலிட்டு, மறுமுனையிற் செவிவைத்துக் கேட்பதும் இம்முறையே.

ஒலிப்பது மீனன்று, சிப்பியே என்றனர் மீனவர். அதன் பெயரென்று டெனன்ட் ஆங்கில எழுத்திற் குறித்துவைத்த சொற்றொடர், நம் செவிக்கு ‘ஊரி குளறுகிறது’ என்றே படுகின்றது. மீனவர் கூறிய வாக்கியத்தைத் துரை பெயரெனக் கொண்டார் போலும்!

கிளர்ச்சியைப் பற்றி இலண்டனில் விசாரணை எழுந்தது. 1850 இல் டொரிங்டனும் டெனன்டும் பதவியிழந்தனர். பின்னர் டெனன்ட் வர்த்தகச் சபையின் செயலாளரானார். 1867 இல் பாரனெட் என்னும் பரம்பரைப் பட்டம் பெற்றார். 1869 இல் மறைந்தார்.

அவருடைய வரிகள் கசப்பையே விட்டுச்சென்றன. 1859 இல் வெளிவந்த ‘சிலோன்’ என்னும் அவருடைய நூலோ நம் வாவியின் இசையைக் கடல்கடந்து கொண்டுசென்றது. ஊரியின் குரலைக் கேட்கத் தோணியேறிய அந்தச் செவி, மலைநாட்டு உழவரின் குரலையும் காலத்திற் கேட்டிருந்தால் எத்துணை நன்றாயிருந்திருக்கும்!