நாலு பேரும் பலசாலிகளானால்?

நீண்ட பிரயாணம் ஒன்றுக்கு நாலு பேரை நீங்கள் அனுப்ப வேண்டும். வழியிலே காடு உண்டு, குகை உண்டு, விஷ ஜந்துக்கள் உண்டு. புறப்பட்ட பிறகு ஆளை மாற்ற முடியாது. யார் யாரை அனுப்புவீர்கள்?

"நாலு பலசாலிகளை அனுப்பினால் போயிற்று!" என்றுதானே சொல்லத் தோன்றுகிறது? சற்றுப் பொறுங்கள், சகோதரிகளே. ஜப்பானில் பிறந்த ஒரு வீடியோ விளையாட்டு, ஆரம்பித்த உடனேயே இந்தக் கேள்வியைத்தான் கேட்கிறது.

அதன் பெயர் ஃபைனல் ஃபேன்டஸி. ஸ்க்வேர் கம்பெனியில் ஹிரோனோபு ஸகாகுச்சி என்பவரின் தலைமையில் உருவாகி, 1987-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் வெளிவந்தது. டெலிவிஷனோடு இணைத்து ஆடும் நிண்டெண்டோ ஃபாமிகாம் பெட்டிக்காகச் செய்தது. நிலம், நெருப்பு, நீர், காற்று ஆகிய நான்குக்கும் உரிய பளிங்குகள் ஒளி இழந்துவிட்டன. நாலு வீரர்கள் போய் அந்த ஒளியை மீட்க வேண்டும். இவ்வளவுதான் கதை.

ஆறு வகை ஆட்களிலிருந்து நால்வரை நாம் பொறுக்க வேண்டும். ஒரே வகையில் நாலு பேரை எடுத்தாலும் ஆட்டம் ஆட்சேபிக்காது. அங்கேதான் இருக்கிறது சங்கடம்!

போர்வீரன் கனத்த கவசம் அணிந்து அடி தாங்குவான். ஆனால் பெரிய செலவாளி. தொடக்கத்தில் நம் கையில் இருப்பதோ 400 நாணயம். நாலு போர்வீரர்களுக்குக் கத்தியும் கவசமும் வாங்கி மாளுமா? கராத்தே வீரன் சிக்கனக்காரன். போகப் போக வெறுங்கையாலேயே பிரமாதமாக அடிப்பான். திருடன் ஆரம்பத்தில் சுமார்தான். கறுப்பு மந்திரவாதி நெருப்பையும் மின்னலையும் ஏவுவார். உடம்பு மட்டும் பூஞ்சை. மந்திரமும் அளந்துதான் கிடைக்கும். தொடக்கத்தில் இரண்டே தடவை. தீர்ந்தால் சத்திரத்தில் தூங்கி எழ வேண்டும். சிவப்பு மந்திரவாதிக்குக் கத்தி, இரு வகை மந்திரம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வரும். உயர்ந்த மந்திரங்கள் பல கைவராது.

கடைசியாக, வெள்ளை மந்திரவாதி. காயம் ஆற்றுவதே இவர் வேலை. கையிலே பலமில்லை. புதிதாக ஆடுகிறவர்கள் "இவர் எதற்கு?" என்று முதலில் கழிப்பதும் இவரைத்தான்!

அந்தத் தவறு தெரியவருவது சதுப்புக் குகையில். உள்ளே விஷ ஜந்துக்கள். விஷம் ஏறினால் நடக்க நடக்க உயிர் தேயும். தங்க இடமில்லை, கூடாரம் போடுவதானாலும் வெளியே வர வேண்டும். ஆழத்தில் இருக்கும் கிரீடத்தை எடுத்துக்கொண்டு, அத்தனை தூரமும் திரும்பி நடக்க வேண்டும். பலசாலிகள் நால்வரும் உள்ளே போவது ஜோர்தான். திரும்புவதுதான் பெரும் பாடு.

"மருந்து வாங்கிப் போனால் ஆயிற்று" என்பீர்கள். வாஸ்தவம். காயத்துக்கும் விஷத்துக்கும் கடையிலே மருந்து உண்டு. ஆனால் அந்த முதல் பதிப்பில், மடிந்தவரை எழுப்ப மருந்தே கிடையாது. ஊருக்குக் கொண்டுபோய்ப் பணம் கொடுத்து எழுப்ப வேண்டும். இல்லையேல் வெள்ளை மந்திரவாதி பிற்பாடு கற்கும் மந்திரம் வேண்டும். பிந்திய பதிப்புகளில் அந்த மருந்தும் சேர்ந்து, சிரமம் குறைந்துவிட்டது.

ஆளைப் பொறுக்கினால் மட்டும் போதாது, வரிசையும் முக்கியம். எதிரிகளின் அடியில் சரிபாதி முதலில் நிற்பவர்மேல் விழும், கால்வாசி இரண்டாமவர்மேல். பின்னால் நிற்கும் இருவருக்கும் ஆளுக்கு அரைக்கால் பங்குதான். ஆகவே முன்னே போர்வீரன், அடுத்து கராத்தே வீரன், பின்னே வெள்ளையும் கறுப்பும் என்று நிறுத்துங்கள். கவசத்துக்கான பணத்தை முன்னே நிற்பவருக்கே செலவிடுங்கள். இந்த ஏற்பாட்டில் ஒருவர் தாங்குகிறார், ஒருவர் அடிக்கிறார், ஒருவர் ஆற்றுகிறார், ஒருவர் கூட்டத்தைக் கலைக்கிறார். ஒருவர் குறையை மற்றவர் ஈடுசெய்கிறார்.

நாலு வெள்ளை மந்திரவாதிகளையே வைத்து ஆடி முடித்த கெட்டிக்காரர்களும் உண்டு. அது ஆட்டத்தை அக்குவேறு ஆணிவேறாக அறிந்தவர்களின் பந்தயம். முதன்முறை ஆடுகிறவர்களுக்கு வேண்டாம்.

எல்லோரும் பல்லக்கில் ஏறினால் தூக்குவது யார்? அடித்தவனின் பெருமை உடனே கண்ணில் படும். ஆற்றியவரின் உழைப்பு, அவர் இல்லாதபோதுதான் தெரியும். இது குடும்பம் நடத்தும் உங்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. வீட்டுப் பிள்ளைகள் இந்த ஆட்டத்தைத் தொடங்கி, நாலு போர்வீரர்களைப் பொறுக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றே ஒன்று கேளுங்கள்: "அடிபட்டால் யாரப்பா கவனிப்பது?"