கப்பலில் ஓய்வெடுக்கப் போகிறீர்களா? உடலைக் கவனிக்கும் பழக்கத்தையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்

தை மாதத்தில் சம்பா அறுவடை முடிந்து வயல்கள் ஓயும் நாட்களிலும், பள்ளிகளின் கோடை விடுமுறை நெருங்கும் வேளையிலும், எங்கள் புறநோயாளர் பிரிவில் ஒரு கேள்வி இப்போது எழுகிறது. "சர்க்கரை இருக்கிறது, இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது, பிள்ளைகள் கப்பலுக்குச் சீட்டு எடுத்துவிட்டார்கள். போய் வரலாமா, டாக்டர்?" நோய் கட்டுப்பாட்டில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு எங்கள் பதில், "தாராளமாகப் போய் வாருங்கள்" என்பதே. அந்த ஒரு சொற்றொடரோடு பேச்சை முடித்துக்கொள்ள எங்களுக்கு மனம் வருவதில்லை. அதனால்தான் இக்கட்டுரை.

கடற்பயணம் காவிரிப் படுகைக்குப் புதிதன்று. 1926-ஆம் ஆண்டு கட்டப்பட்ட 'ராஜுலா' என்னும் கப்பல், சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் மக்களைச் சுமந்து சென்றது. அதன்பின் அவ்வழியில் ஓடிய 'சிதம்பரம்' கப்பல் 1985-இல் நேர்ந்த தீ விபத்தோடு நின்றுபோயிற்று. தஞ்சை, நாகை, திருவாரூர்ப் பகுதிகளில் தாத்தாவோ பெரியப்பாவோ அக்கப்பல்களில் பயணம் செய்த கதையைக் கேட்டு வளர்ந்த குடும்பங்கள் இன்றும் பல உண்டு. அது பிழைப்புக்காகச் சென்ற பயணம். திறந்த மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து, கொண்டுசென்ற புளிச்சோற்றை உண்டு சென்றவர்கள் யாரும் அதை ஓய்வு என்று அழைத்திருக்க மாட்டார்கள்.

இன்றைய நிலை வேறு. 2022 ஜூன் மாதத்தில் சென்னையிலிருந்து சொகுசுச் சுற்றுலாக் கப்பல் புறப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூனில் அது அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இலங்கைத் துறைமுகங்களுக்கும் சென்றது. 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்தே காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் தொடங்கப்பட்டு, பருவமழையால் சில நாட்களிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடியது. நாகையிலிருந்து செல்வது ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணம். சொகுசுக் கப்பலிலோ சில இரவுகளைக் கடலிலேயே கழிக்க வேண்டும். நோயாளிக்கு இவ்விரண்டும் ஒன்றல்ல. இங்கே நாங்கள் பேசுவது பெரும்பாலும் இரண்டாவது வகையைப் பற்றி.

கப்பல் நிறுவனங்களின் விளம்பரங்களில் யோகா, தியானம், ஸ்பா ஆகியன தவறாமல் இடம்பெறுகின்றன. அவற்றில் 'மைண்ட்ஃபுல்னஸ்' என்ற சொல்லும் இப்போது சேர்ந்துள்ளது. இச்சொல் மருத்துவமனைக்குள் வந்த வரலாறு சுவையானது. 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜான் கபாட்-ஜின் என்பவர், நாட்பட்ட வலியோடு வாழும் நோயாளிகளுக்காக எட்டு வாரப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். பௌத்தத் தியான முறையிலிருந்து சமயச் சடங்குகளை நீக்கி, 'இந்தக் கணத்தில் உடலிலும் மனத்திலும் நடப்பதைத் தீர்ப்புச் சொல்லாமல் கவனித்தல்' என்பதை மட்டும் அவர் எடுத்துக்கொண்டார். இதை ஏதோ அயல்நாட்டுச் சரக்கு என்று எண்ண வேண்டியதில்லை. ராஜராஜ சோழன் காலத்தில் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுந்ததையும், அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் வழங்கப்பட்டதையும் செப்பேடுகள் கூறுகின்றன. நாம் கப்பலேறும் இதே கரையில் பௌத்தத் துறவிகள் அமர்ந்து தியானித்திருக்கிறார்கள்.

இப்பயிற்சி பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றை ஓரளவு குறைக்கிறது என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. மருந்துக்கு மாற்றாக அது அமையும் என்பதற்குச் சான்று இல்லை. "கடற்காற்றும் தியானமுமே போதும், இந்த நான்கு நாளும் மாத்திரைக்கு விடுமுறை" என்று சிலர் முடிவு செய்துவிடுகிறார்கள். இரத்த அழுத்த மாத்திரையையும், ஸ்டென்ட் வைத்தவர்கள் உண்ணும் இரத்த உறைதலைத் தடுக்கும் மாத்திரையையும் ஒரு நாள் கூட விடலாகாது.

நோயோடு கடலில் செல்பவருக்குக் கவனப் பயிற்சி என்பது கண்ணை மூடி அமர்ந்திருப்பது மட்டுமன்று. 'என் உடல் இப்போது என்ன சொல்கிறது?' என்று நாளில் பலமுறை கேட்டுக்கொள்ளும் பழக்கம் அது. மனத்துக்கு அமைதி தரும் அதே பழக்கம், மருத்துவமனை எட்டாத தொலைவில் உயிரையும் காக்கக்கூடியது.

குமட்டலா, தாழ் சர்க்கரையா?

கப்பல் அசையத் தொடங்கிய சில மணி நேரத்தில் பலருக்கும் தலைசுற்றல், குமட்டல், வியர்வை, சோர்வு ஆகியன தோன்றுகின்றன. அசைவதாக உட்காது கூறுகிறது. அறைக்குள் இருக்கும் கண்ணோ அசைவில்லை என்கிறது. இவ்விரு செய்திகளும் முரண்படுவதால் மூளை குழம்புகிறது. சற்றுப் படுத்தால் சரியாகிவிடும் என்று உடன் வந்தவர்கள் போர்வையைப் போர்த்திவிட்டு வெளியே செல்வார்கள்.

ஆபத்து இங்கேதான் இருக்கிறது. இரத்தச் சர்க்கரை தாழும்போதும் ஏறத்தாழ இதே அறிகுறிகள்தாம் தோன்றும்: வியர்வை, தலைசுற்றல், சோர்வு, சிலருக்குக் குமட்டல். கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளை உண்பவரோ இன்சுலின் போட்டுக்கொள்பவரோ, காலையில் வழக்கம்போல் மருந்தை எடுத்துக்கொண்டு, குமட்டலால் காலை உணவை ஒதுக்கிவிடுகிறார் என்று கொள்வோம். மருந்து தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். சர்க்கரை இறங்கிக்கொண்டே போகும். வீட்டில் என்றால் அண்டை வீட்டார் வருவார்கள், ஆட்டோ வரும். கடல் நடுவில் பூட்டிய அறைக்குள் ஒருவர் 'உறங்கிக்கொண்டிருப்பது' வேறு நிலை.

ஆகவே சர்க்கரை நோயாளிக்குக் கப்பலில் குமட்டலோ வியர்வையோ தோன்றினால், முதலில் குளுக்கோமீட்டரில் பார்த்துவிடுங்கள். அளவு 70-க்குக் கீழ் இருந்தால் மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் தூளை நீரில் கலந்து குடிக்கச் செய்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். நினைவு மங்கியவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். கப்பலின் மருத்துவ அறைக்கு உடனே சொல்லுங்கள். கருவியைப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டு வந்தவர்களுக்காகவே இதையும் சொல்கிறோம்: குளுக்கோமீட்டர், குளுக்கோஸ் பொட்டலம், மாத்திரைகள், இன்சுலின் ஆகிய அனைத்தும் கைப்பையில் இருக்க வேண்டும். கப்பலில் ஏறும்போது ஒப்படைக்கும் பெரிய பெட்டி அறைக்கு வந்துசேரச் சில மணி நேரம் ஆகலாம்.

வாந்தி தொடர்ந்தால் சில மருந்துகளைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கும். மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின், நீர் பிரிய உண்ணும் மாத்திரை ஆகியன அவ்வகையின. ஆனால் நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினைத் தாமாக நிறுத்துவது கேடு. எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதைப் பயணத்திற்கு முன்பே உங்கள் மருத்துவரிடம் கேட்டுத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

குமட்டலுக்கு எளிய வழிகள் உண்டு. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் உள்ள அறை குறைவாக ஆடும். கைபேசியைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு மேல்தளத்திற்குச் சென்று தொடுவானத்தைப் பார்த்தபடி, வயிறு மெல்ல எழுந்து தாழுமாறு மூச்சு விடுங்கள். மாத்திரை தேவைப்படின் முன்பே கேட்டு வாங்குங்கள். பயணத்துக்கென்று மருந்துக் கடைகளில் பலரும் வாங்கும் மாத்திரைகள் புராஸ்டேட் வீக்கம் உள்ளவருக்குச் சிறுநீரை அடைக்கலாம். ஒருவகைக் கண் அழுத்த நோயைக் கூட்டலாம். சின்னரிசின் நடுக்குவாத நோயை மோசமாக்கலாம். முதியவர்களை அவை தள்ளாடவும் வைக்கும். ஆடும் கப்பலில் தள்ளாட்டமும் சேர்ந்தால் இடுப்பெலும்பு முறிய வேறென்ன வேண்டும்?

இலையும் பஃபேயும்

நம் ஊர் வாழையிலை விருந்தில் ஓர் ஒழுங்கு உண்டு. பரிமாறுபவர் ஒருவர் இருக்கிறார். சாம்பார், ரசம், மோர் என்று முறை வருகிறது. இலையை மடித்துவிட்டால் உணவு முடிந்தது. கப்பலின் பஃபேயில் இவற்றில் எதுவுமே இல்லை. மடிக்க இலையில்லாத விருந்து அது. காலை முதல் நள்ளிரவு வரை ஏதேனும் ஒரு மேசையில் உணவு இருந்துகொண்டே இருக்கும். பணம் முன்பே கட்டியாயிற்று என்ற எண்ணம் வேறு கையைத் தூண்டும்.

எங்கள் அறிவுரை இதுதான். முதல் சுற்றைத் தட்டு இல்லாமல் சுற்றி வாருங்கள். எது வேண்டும் என்று முடிவு செய்தபின் ஒரு தட்டு எடுத்து, அமர்ந்து, முதல் ஐந்து கவளங்களையாவது பேசாமல், சுவையை அறிந்து உண்ணுங்கள். வயிறு நிறைந்ததை மூளை அறியச் சற்று நேரம் பிடிக்கும். மெல்ல உண்பவருக்கே அச்செய்தி உரிய காலத்தில் கிட்டும். இதயத் தளர்ச்சி உள்ளவர்கள் சூப், ஊறுகாய், சீஸ், அப்பளம் ஆகியவற்றின் உப்பை எண்ணிப் பார்க்க வேண்டும். வீட்டில் தினமும் எடை பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: ஆடும் தளத்தில் எடைக்கருவியை நம்ப இயலாது. கணுக்கால் வீக்கத்தையும், படுத்தால் மூச்சு வாங்குகிறதா என்பதையும் கவனியுங்கள். உண்ணும் முன் சோப்பும் நீரும் கொண்டு கை கழுவுங்கள். கப்பல்களில் வயிற்றுப்போக்கைப் பரப்பும் நோரோ வைரசுக்குக் கைக்குத் தேய்க்கும் சானிடைசர் போதாது.

வெயில் காய்ந்த மேல்தளத்தில் வெறுங்காலோடு நடக்கவே வேண்டாம். கால் மரத்துப்போன சர்க்கரை நோயாளிக்குச் சுட்டது தெரியாது. இரவில் கொப்புளத்தைப் பார்க்கும்போதுதான் தெரியவரும். உறங்கும் முன் இரு பாதங்களையும் விரலிடுக்கு உட்பட ஒரு நிமிடம் பார்ப்பதும் கவனப் பயிற்சியே.

கடலைக் கண்டால் அஞ்சுபவர்கள்

2004 டிசம்பர் 26-இன் ஆழிப்பேரலையில் தமிழகத்திலேயே மிகுதியான உயிர்களை இழந்தது நாகப்பட்டினம் மாவட்டம். அந்நாளைக் கண்டவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். பிள்ளைகள் அன்போடு எடுத்துத் தந்த சீட்டை மறுக்க இயலாமல், வெளியே சொல்லவும் இயலாமல் கப்பலேறும் பெற்றோர் இருக்கக்கூடும். அத்தகையவரைக் கண்ணை மூடி அலையோசையைக் கேட்குமாறு சொல்லும் தியான வகுப்பு அமைதிப்படுத்தாது. பழைய நினைவை அது கிளறிவிடலாம். இவர்கள் கண்ணைத் திறந்தே வைத்திருக்கட்டும். பாதம் தளத்தில் படுவதையும், கை கம்பியைப் பற்றியிருப்பதையும் உணரட்டும். எதிரே தெரியும் ஐந்து பொருள்களின் பெயரை மனத்துக்குள் சொல்லட்டும். அதற்கும் அடங்காத படபடப்பு என்றால் அறைக்குத் திரும்புவதில் இழுக்கில்லை. போக விருப்பமில்லை என்று முன்பே சொல்லிவிடுவதிலும் இழுக்கில்லை. பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

துணைக்கு வருபவருக்கும் இது விடுமுறைதானே?

பெரும்பாலும் மனைவி, மகள் அல்லது மருமகள். வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவர், கப்பலிலும் அதையே செய்கிறார். பழக்கமில்லாத குளியலறை, வழுக்கும் தரை என்று கவலை மட்டும் கூடுகிறது. எல்லோரும் நிழற்படத்தில் சிரிக்க, அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பயணத்திற்கு முன்பே வேலையைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். காலை மருந்து ஒருவர் பொறுப்பு, இரவு மருந்து மற்றொருவர் பொறுப்பு. இயன்ற நோயாளி, வேளைவாரியாகப் பிரித்த மாத்திரைப் பெட்டியைத் தாமே வைத்துக்கொள்ளலாம். இலங்கை நேரமும் நம் நேரமும் ஒன்றே என்பதால் வேளை மாறாது. சிங்கப்பூர் செல்பவர்களுக்கு மட்டும் இரண்டரை மணி நேர வேறுபாடு உண்டு.

துணைக்கு வந்தவருக்கு நாள்தோறும் அரை மணி நேரம் தனியே விடப்பட வேண்டும். மேல்தளத்தில் ஒரு நாற்காலி போதும். காற்று முகத்தில் படுவதையும், இயந்திரத்தின் அதிர்வு காலுக்குள் வருவதையும், மூச்சு உள்ளே சென்று வெளியே வருவதையும் கவனித்திருந்தால் போதும். மனம் வீட்டுக்கு ஓடும், வாய்க்காலில் தண்ணீர் வந்ததா என்று கேட்கும், ஓடட்டும். ஓடியதை அறிந்து மீண்டும் மூச்சுக்கு வருவதே பயிற்சி. இரவில் மடையருகே நின்று நீர் பாய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு இதைக் கற்றுத்தரத் தேவையில்லை.

யார் இப்போது போகலாகாது என்பதையும் கூற வேண்டும். அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ அறுவை சிகிச்சையோ நேர்ந்தவர்கள், ஓய்வில் இருக்கும்போதே மூச்சு வாங்குபவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் ஆகியோர் எங்கள் ஒப்புதலின்றிச் சீட்டு எடுக்க வேண்டாம். கப்பலின் மருத்துவ அறையில் மருத்துவரும் செவிலியரும் இருப்பார்கள். முதற்கட்டச் சிகிச்சை அளித்துக் கரைசேர்க்கும் வரை காப்பது அவர்கள் பணி; முழு மருத்துவமனை அங்கே இல்லை. கருவுற்று 24 வாரம் கடந்தவர்களைப் பெரும்பாலான சொகுசுக் கப்பல்கள் ஏற்பதில்லை. வடகிழக்குப் பருவமழை வீசும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடல் கொந்தளிப்பாக இருக்கும். நோயாளியோடு செல்பவர்கள் அம்மாதங்களைத் தவிர்ப்பது நல்லது.

புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்னதாகப் புறநோயாளர் பிரிவுக்கு வாருங்கள். மருந்துகளின் வேதிப்பெயர், அளவு, அண்மைய ஈசிஜி ஆகியவற்றைக் கொண்ட ஒரு பக்கக் குறிப்பை எழுதித் தருகிறோம். பயண நாட்களைவிட ஒரு வாரத்திற்கு மிகுதியான மாத்திரைகளை எடுத்துச் செல்லுங்கள்.

கரையிறங்கிய பின்னும் ஓரிரு நாள் தரை ஆடுவது போலத் தோன்றும், தானாகவே அடங்கிவிடும். ஆனால் அவ்வாட்டத்தோடு பேச்சுக் குழறினாலோ, முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை வலுவிழந்தாலோ அதைக் கப்பலின் ஆட்டம் என்று எண்ணிக் காத்திருக்க வேண்டாம். எந்த நேரமானாலும் 108-ஐ அழைத்து, நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்துவிடுங்கள்.